மாப்ள, உன் நிலம் எந்தக் கட்டத்துல இருக்கு?

கேஸ் கம்பெனி மேப்புல நம்ம ஊருக்கு ரோஸ் கலர் அடிச்சிருக்கான்னு கார் ஷோரூமுக்குப் போன் போட்டு விலை விசாரிச்சியாமே, மாப்ள? அக்கா சொல்லிச்சு. சந்தோஷம். ரோஸுக்கே கார்னா, நாளைக்கு எவனாவது மஞ்சள் அடிச்சான்னா கல்யாண மண்டபமே புக் பண்ணிடுவ. "நிலம் அவன் பேர்ல இருக்கா, பட்டாவைப் பாத்தானா"ன்னு அக்காகிட்ட கேட்டேன். "அதெல்லாம் தாத்தா பேர்லதான் இருக்கும்"னு நீ சொன்னதாச் சொல்லிச்சு. தாத்தாவுக்கு வருஷா வருஷம் திவசம் ஒழுங்கா நடக்குது. பட்டாவுல மட்டும் அவரு இன்னும் திண்ணையில உக்காந்து வெத்தலை மடிச்சுக்கிட்டு இருக்காரு. கேஸ் கம்பெனிக்காரன் நாளைக்கு வந்தா அவருகிட்டதான் பேசணும். எப்படிப் பேசுவான்னு நீயே சொல்லு.

நீ பெங்களூருல கம்ப்யூட்டர் படிச்சவன். நான் வயக்காட்டுல வரப்பு படிச்சவன். மேப்பு விஷயத்துல ரெண்டு பேருக்கும் ஒரே பாடம்தான். எந்த மேப்பும் பாக்குறவன் சௌகரியத்துக்குப் போடுறது கிடையாது, போட்டவன் வேலைக்காகப் போடுறது. மேப்பு கைக்கு வந்ததும் கலரைப் பாக்காத. போட்டது யாரு, எதுக்குப் போட்டான், ஒரு சென்டிமீட்டர் எத்தனை மீட்டர் – இந்த மூணையும் கேளு. பதில் கிடைச்சா மிச்சத்தைப் பேசலாம். கிடைக்கலைன்னா அதுல சுண்டல் மடிச்சுச் சாப்புடு.

அமெரிக்கக் கோடு வேற

லூசியானாவுல ஒரு விவசாயி, மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாடி கேஸ் கிணறு, மாசா மாசம் செக்குன்னு ஒரு வீடியோ பாத்துட்டுத்தான் உனக்கு இந்த ஆட்டமே. வீடியோ பொய் இல்ல மாப்ள. நீதான் அதைத் திருவாரூர் ஜில்லாவுக்கு இழுத்துட்டு வந்துட்ட.

அந்த ஊரு சட்டத்துல நிலத்துக்கு அடியில இருக்கிற எண்ணெயும் கேஸும் தனியார் உரிமை. மேல் நிலத்தை ஒருத்தனுக்கு வித்துட்டு, கீழ இருக்கிற உரிமையை மட்டும் தனக்குன்னு ஒருத்தன் பிடிச்சு வெச்சுக்கலாம். லூசியானாவுல அப்படிப் பிரிச்சு வெச்ச உரிமையை 10 வருஷம் பயன்படுத்தாம விட்டா, அது மறுபடியும் நிலத்துக்காரன்கிட்டயே போய்ச் சேரும். அந்த மாநிலத்து வடக்குப் பக்கம், 10,000 அடிக்கும் கீழ, ஹேன்ஸ்வில்னு ஒரு பாறை அடுக்கு கிடக்கு. 2008 வாக்குல கம்பெனிக்காரங்க அங்க வீட்டு வாசல்ல வரிசையில நின்னாங்க.

அந்த ஊரு மேப்பு கட்டம் கட்டமாத்தான் இருக்கும். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு பெரிய சதுரம். அதுக்குள்ள 36 சின்னச் சதுரம், ஒவ்வொண்ணும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். நம்ம கணக்குல சுமாரா 96 வேலி. நம்பர் போடுற விதம்தான் உனக்குக் குழப்பும், எனக்குக் குழப்பாது. வடகிழக்கு மூலையில 1, அங்கேருந்து மேற்கே போயி 6, அதுக்கு நேர் கீழ 7, அப்புறம் கிழக்கே திரும்பி 12. சால் முடிஞ்ச இடத்துல மாட்டைத் திருப்பிக்கிட்டு ஏர் ஓட்டுற மாதிரி. 36 வந்து நிக்கிறது தென்கிழக்கு மூலையில.

இப்போ, அரசாங்கத்துக் கன்சர்வேஷன் ஆபீஸு விசாரணை வெச்சு, "இந்தக் கிணத்துக்கு இந்த எல்லை"ன்னு ஒரு கோடு போடும். அதுக்குப் பேரு டிரில்லிங் யூனிட். ஹேன்ஸ்வில்ல ஒரு யூனிட் பெரும்பாலும் 640 ஏக்கர். கோட்டுக்குள்ள 10 ஏக்கர் வெச்சிருக்கிறவனுக்கு 64-ல ஒரு பங்கு. அவன் லீஸு எழுதும்போது அஞ்சுல ஒண்ணு ராயல்டின்னு பேசியிருந்தா, 10-ஐ 640-ஆல வகுத்து 0.20-ஆல பெருக்கணும். 0.003125 வரும். ஒரு லட்சம் டாலருக்கு கேஸ் வித்தா அவன் கைக்கு 312 டாலர் 50 சென்ட். அதுலயும் லீஸு வாசகத்தைப் பொறுத்து, கேஸைச் சேர்த்த செலவு, அமுக்கின செலவுன்னு கழிச்சுக்குவான். வீடியோவுல செக்கைக் காட்டுவான். 640-ஆல வகுத்ததைக் காட்ட மாட்டான்.

துளை போடுறது பக்கத்து வீட்டுக்காரன் நிலத்துல. அங்கேருந்து பூமிக்கடியில படுக்கை வசத்துல ஒரு மைல், ரெண்டு மைல் போகும். துளை தன் நிலத்துக்கு அடியில போகலைன்னாலும், யூனிட்டுக் கோட்டுக்குள்ள இருக்கிறவனுக்குப் பங்கு உண்டு. கோட்டுக்கு ஒரு அடி வெளிய இருக்கிறவனுக்கு அந்த யூனிட்டுக் காசுல பங்கு இல்ல. அதனால அங்க விவசாயி பூதக்கண்ணாடி வெச்சுக்கிட்டு அந்தக் கோட்டைப் பாக்குறான். அவனுக்கு அது பாகப்பிரிவினைப் பத்திரம்.

நம்ம ஊருல? 1948-ல வந்த எண்ணெய் வயல் சட்டம், அதுக்குக் கீழ போட்ட விதிகள். அதுபடி தரையில எண்ணெய், கேஸ் எடுக்க அனுமதி கொடுக்கிறது மாநில அரசு. மத்திய அரசு சம்மதிக்கணும். எடுக்கிறவன் ராயல்டி கட்டுறது மாநிலத்துக்கு. கேஸுக்குன்னா கிணத்தடி மதிப்புல 10 சதவீதம். "பட்டாதாரர் பங்கு"ன்னு அந்தக் கணக்குல ஒரு காலம் இருக்கான்னு நானும் தேடிட்டேன், கண்ணாடி மாத்தியும் தேடிட்டேன். கிடையாது. அங்க கோடு பங்கைப் பிரிக்குது. இங்க யாரு வீட்டுக் கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்கணும்னு மட்டும் காட்டுது. நீ மேப்பு படிக்கக் கத்துக்க வேண்டியது வரப்போற பணத்தை எண்ணுறதுக்கு இல்ல, போகப்போற நிலத்தை அளக்குறதுக்கு.

ரோஸ் கலரும் புள்ளியும்

உனக்கு வந்தது பிளாக் மேப்பு. அதுக்கு ஜாதகப் பேரு மாதிரி நீளமா ஒரு பேரு இருக்கும். சி.ஒய்.-ஓ.என்.எச்.பி.-2017/1னு போட்டிருந்தா பயப்படாத. சி.ஒய். காவிரிப் படுகை. ஓ.என். தரை. அந்த இடத்துல ஓ.எஸ்.னு இருந்தா அது கடல், மீனவன் கவலைப்பட வேண்டிய மேப்பு. 2017 ஏலச் சுற்று, கடைசி நம்பர் வரிசை. டி.எஸ்.எஃப்.னு இருந்தா, ஏற்கெனவே கண்டுபிடிச்சுட்டுச் சின்னதுன்னு ஒதுக்கி வெச்சிருந்த வயலை மறுபடி ஏலத்துல விட்டதுன்னு அர்த்தம். 2017 பிப்ரவரியில ஊரே எதிர்த்துப் பந்தல் போட்டு உக்காந்த நெடுவாசல் அந்த ரகம். பேரு ஒரு ஊருப் பேரு. கட்டம் 10 சதுர கிலோமீட்டர், அதாவது 2,471 ஏக்கர். ஊருப் பேரைக் கேட்டுட்டு "நம்ம ஊரு இல்லையே"ன்னு பக்கத்து ஊருக்காரன் தூங்கிடக் கூடாது பாரு.

கட்டத்துக்குள்ள உன் நிலம் இருக்குன்னா அதுக்கு அர்த்தம் ஒண்ணே ஒண்ணு: அந்த எல்லைக்குள்ள தேடவோ எடுக்கவோ ஒரு கம்பெனிக்கு அனுமதி இருக்கு, இல்ல அனுமதி கேட்டிருக்கான். பழைய விதிப்படி தேடுற லைசன்ஸ் வேற, எடுக்குற லீஸு வேற. லைசன்ஸுல அதிர்வு வெச்சுப் பாப்பான், சோதனைக் கிணறு போடுவான். கிடைச்சாத்தான் லீஸு. மேப்புத் தலைப்புல எது எழுதியிருக்குன்னு முதல்ல பாரு. நீ என்னடான்னா லைசன்ஸு மேப்புக்கே கார் பாக்குற.

அப்புறம் புள்ளிங்க. எண்ணெய்க்காரங்க வழக்கத்துல வெறும் வட்டம்னா கிணறு போட உத்தேசிச்ச இடம். நிரப்பின கறுப்புப் புள்ளி எண்ணெய்க் கிணறு. வட்டத்தைச் சுத்திக் கதிர் கதிராக் கோடு இருந்தா கேஸு. குறுக்கே ஒரு வெட்டுக் கோடு விழுந்திருந்தா மூடின கிணறு. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாத்துவான், அதனால மூலையில இருக்கிற குறி விளக்கத்தைப் படிச்சுட்டு அப்புறம் புள்ளியைப் பாரு. நீ அனுப்புன படத்துல குறி விளக்கத்தை அழகாக் கத்திரிச்சுட்டு யாரோ பார்வர்டு பண்ணியிருக்கான். கத்திரிச்ச மேப்பு காதைக் கடிச்ச வதந்தி, அவ்வளவுதான் மதிப்பு.

பேனா முனையில 25 மீட்டர்

இப்போ அளவுத்திட்டம். சர்வே ஆஃப் இந்தியா போடுற சீட்டு ஒண்ணு இருக்கு, 1:50,000. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கமெல்லாம் 58 என் வரிசைச் சீட்டுக்குள்ள வந்துடும். கம்பெனிக்காரன் பெரும்பாலும் இந்த மாதிரிச் சீட்டு மேலதான் பிளாக் எல்லையை வரைவான். அதுல ஒரு சென்டிமீட்டர்னா தரையில 500 மீட்டர். எல்லைக்கோடு போட்ட பேனா முனை அரை மில்லிமீட்டர் தடிமன்னு வெச்சுக்க. அந்தக் கோடே தரையில 25 மீட்டர் அகலம். "கோடு என் நிலத்து மேல போகுதா, பக்கத்துல போகுதா?"ன்னு அந்தச் சீட்டை வெச்சு நீ சண்டை போட்டா, உன் களம், வைக்கப்போர், மாட்டுக் கொட்டாய் எல்லாம் மைக்குள்ளயே முழுகிக் கிடக்கும்.

அதனால அந்தச் சீட்டுல உன் வரப்பைத் தேடாத. கூடவே கொடுத்திருக்கிற அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணைக் கேளு. சுற்றுச்சூழல் அறிக்கைன்னு ஒரு தடிப் புத்தகம் போடுவான், அதுல ஒவ்வொரு உத்தேசக் கிணத்துக்கும் பாகை, கலை, விகலைன்னு மூணு எண் இருக்கும். டிகிரி, நிமிஷம், செகண்டுன்னு வெச்சுக்க. செகண்டு வரைக்கும் கொடுத்திருக்கானான்னு பாரு. ஒரு செகண்டுன்னா தரையில ஏறக்குறைய 30 மீட்டர். அது சரியான விலாசம். நிமிஷத்தோட நிறுத்திட்டான்னா, ஒரு நிமிஷம் 1.85 கிலோமீட்டர். நம்ம பக்கம் அவ்வளவு தூரத்துக்குள்ள ரெண்டு ஊரு, ஒரு ஆறு, மூணு அய்யனார் கோயில் வந்துடும். புள்ளி வெச்சது உன் வயல்லயா, அய்யனார் குதிரை மேலயான்னு யாருக்குத் தெரியும்? தசமத்துல கொடுத்திருந்தா நாலு இலக்கம் இருக்கணும். நாலாவது இலக்கம் 11 மீட்டர். அந்த எண்ணை உன் போன் மேப்புல அடிச்சுக்கிட்டு நேரா வயலுக்கு நட. பீட்சா வரவழைக்கத் தெரிஞ்ச போனுக்கு இது தெரியாதா?

எஃப்.எம்.பி.யைக் கையில எடு

கம்பெனி மேப்புக்கு எதிர் மேப்பு உன் வீட்டுலயே இருக்கணும். அதுக்குப் பேரு எஃப்.எம்.பி., நில அளவைப் புலப்படம். தமிழ்நாடு அரசோட இணையத்துலயே பட்டா, சிட்டா, அ-பதிவேடு எல்லாத்தோடயும் இதுவும் கிடைக்கும். இ-சேவை மையத்துலயும் எடுத்துத் தருவாங்க. உங்க ஆபீஸுல பன்னெண்டு பாஸ்வேர்டு மனப்பாடமா வெச்சிருக்கியே, உன் நிலத்தோட சர்வே நம்பர் தெரியுமா? தெரியாது. எனக்குத் தெரியும். ஏன்னா நான் வரி கட்டுனவன்.

புலப்படத்துல நாலு விஷயம் பாரு. மூலையில கல்லு நட்ட இடம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல கோட்டு நீளம், மீட்டர்ல. கோட்டுக்கு வெளிய பக்கத்து சர்வே நம்பருங்க. உள்ள உட்பிரிவு, 112/3ஏ1 மாதிரி. அளவுத்திட்டம் 1:2000-னா அரை மில்லிமீட்டர் கோடு தரையில ஒரு மீட்டர்தான். கம்பெனிச் சீட்டுல 25 மீட்டர் மை, இதுல ஒரு மீட்டர் மை. எந்தச் சீட்டை வெச்சுப் பேசணும்னு இனி நான் சொல்லணுமா?

இதுல ஒரு சின்னச் சிக்கல் இருக்கு. படத்துல கல்லு இருக்கும், வயல்ல இருக்காது. சில கல்லு துணி துவைக்கப் போயிருக்கும், சில கல்லு ராத்திரியில ரெண்டு முழம் நடந்து பங்காளி பக்கம் நகர்ந்திருக்கும். நம்ம வம்சத்துல யாரு நகர்த்தினதுன்னு கிளறாத, நல்லாயிருக்காது. எஃப்-லைன் மனுன்னு ஒண்ணு இருக்கு. பணம் கட்டி மனு போட்டா சர்வேயர் வந்து அளந்து அத்து காட்டுவாரு. அப்படியே தாத்தா பேர்லேருந்து வாரிசுங்க பேருக்குப் பட்டா மாறுதலுக்கும் மனு கொடு. நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம்னு 1980-கள்ல ஒண்ணு நடந்துச்சு. அதுல விழுந்த பேர்ப் பிழையும் பரப்புப் பிழையும் இன்னும் பல குடும்பத்துக்குத் தீரலை. கம்பெனிக்காரன் நோட்டீஸ் அனுப்புறது பதிவேட்டுல இருக்கிற பேருக்கு. பதிவேட்டுல இருக்கிறவரு சுடுகாட்டுல இருந்தா, நோட்டீஸு போய்ச் சேர்ந்துச்சுன்னு எழுதி முடிச்சுட்டுப் போயிடுவான்.

மேப்புல வராத வாய்க்கால்

கிணத்தைப் புள்ளியாப் போட்டா, அது புள்ளி அளவு இடம்தான் பிடிக்கும்னு நெனைச்சுக்காத. எந்திரம் நிக்கிற மேடை, சேத்துத் தண்ணிக் குட்டை, லாரி திரும்புற இடம், ஆளுங்க தங்குற கொட்டாய்னு ஏக்கர் கணக்குல போகும். துளை போடுறது ஓரிடத்துல, கேஸு எடுக்குறது ஓரிடத்துலன்னு சாய்வாவும் இறக்குவான். ஒரே மேடையிலேருந்து நாலஞ்சு கிணறு திசைக்கு ஒண்ணா இறங்கும். அதனால மேல இருக்கிற புள்ளியை மட்டும் பாத்துட்டு "நமக்குச் சம்பந்தமில்ல"ன்னு சொல்லாத. மேல் புள்ளி எங்க, அடிப் புள்ளி எங்கன்னு ரெண்டு எண்ணையும் கேளு.

முக்கியமா ரோட்டைப் பாரு. மேப்புல அது தலைமுடி கனத்துல ஒரு கோடு. தரையில அது வயலுக்கு நடுவுல மண்ணடிச்சு உசத்தின மேடு. மேப்பு போட்டவன் கண்ணுக்கு ஆறு தெரியும், பெரிய வாய்க்கால் தெரியும். நம்ம கிளை வாய்க்கால், வடிகால், மடை, கன்னி எதுவும் அவன் சீட்டுல இருக்காது. 1:50,000-ல ரெண்டடி வாய்க்காலை வரையணும்னா கொசுவோட மீசை வேணும். ஆனா அந்த மேடு வடிகாலை அடைச்சுச்சுன்னா ஐப்பசி மழையில சம்பா முழுகப் போறது அவனோடது இல்ல, உன்னோடது. உன் புலப்படத்தோட நகல் மேல நீயே நீல மையில எல்லா வாய்க்காலையும் வரை. தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு அம்புக்குறி போடு. ரோடு குறுக்கே வர்ற ஒவ்வொரு இடத்துலயும் குழாய்ப் பாலம் எத்தனை அடிக்குன்னு ஒப்பந்தத்துல எழுதச் சொல்லு. வாயால சொன்னா, "ஆகட்டும் பெரியவரே"ன்னு டீ வாங்கிக் கொடுப்பான். டீ நல்லாத்தான் இருக்கும்.

குழாய்க் கணக்கு

கிணறு ஒருத்தன் நிலத்துலதான் வரும். குழாய் ஊருல பாதிப் பேரு நிலத்து வழியா வரும். அதுக்குத் தனிச் சட்டம், 1962-ல வந்த பெட்ரோலியக் குழாய்ச் சட்டம். அதுல நிலத்தை வாங்க மாட்டான், நிலத்தைப் பயன்படுத்துற உரிமையை மட்டும் எடுத்துக்குவான். நிலம் உன் பேர்லயே இருக்கும், வரியும் நீதான் கட்டணும். ஆனா அந்தப் பட்டையில வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, குளம் தோண்டக் கூடாது, மரம் நடக் கூடாது. நெல்லு போடலாம். தென்னை வெச்சா தப்பு. மனை போட்டு விக்கலாம்னு நீ வெச்சிருக்கிற கனவுக்கு நடுவுல குழாய் படுத்துக்கிட்டுக் காலை நீட்டிக்கும்.

முதல்ல கெஜட்டுல அறிவிப்பு வரும். அதுக்கு அட்டவணை இருக்கும்: மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே நம்பர், பரப்பு. பரப்பு மூணு கட்டமா இருக்கும்: ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர். உன் நம்பருக்கு நேரா 00-12-40னு இருந்தா, "பூஜ்யம்தானே"ன்னு திருப்பி வெச்சுடாத. 12 ஏரும் 40 சதுர மீட்டரும், மொத்தம் 1,240 சதுர மீட்டர், நம்ம கணக்குல 30.6 சென்ட். பட்டை 20 மீட்டர் அகலம்னா, 1,240-ஐ 20-ஆல வகுத்துப் பாரு. 62 மீட்டர் நீளத்துக்குக் குழாய் உன் வயல்ல ஓடுது. இப்போ புலப்படத்தை விரிச்சு, அவன் வரைபடத்துல குழாய் நுழையிற இடத்துக்கும் வெளிய போற இடத்துக்கும் நடுவுல எத்தனை மீட்டர்னு பாரு. 90 மீட்டர் வந்தா, மிச்சம் 28 மீட்டருக்கு நீ இனாம் கொடுக்குறன்னு அர்த்தம். கோயிலுக்குக் கொடுத்தாலாவது கல்வெட்டுல பேரு போடுவாங்க.

ஆட்சேபம் சொல்ல 21 நாள். கெஜட்டு நகலை ஜனங்க பாக்க வெச்ச தேதியிலேருந்து எண்ணு. எழுத்துல கொடு, நேர்ல பேசணும்னு கேளு, வக்கீலை வெச்சும் பேசலாம். அறிவிப்பு வந்து ஒரு வருஷத்துக்குள்ள அடுத்த பிரகடனம் வரலைன்னா அறிவிப்பு காலாவதி. பிரகடனம் வந்துட்டா கோடு கல்லுல செதுக்கின மாதிரி ஆயிடும். மேற்கு மாவட்டத்துக்காரங்க கதை தெரியுமில்ல? கொச்சியிலேருந்து பெங்களூருக்குப் போற கெயில் குழாய், கோயம்புத்தூர் தொடங்கி கிருஷ்ணகிரி வரைக்கும் ஏழு மாவட்டத்து வயல் வழியா வந்துச்சு. ரோட்டோரமாக் கொண்டு போன்னு விவசாயிங்க போராடுனாங்க, மாநில அரசும் 2013-ல அதையே சொல்லிச்சு. வழக்கு ஹைகோர்ட்டு, சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி, 2016 பிப்ரவரியில கெயில் பக்கமே தீர்ப்பு. கோட்டை நகர்த்தணும்னா அது பென்சில்ல இருக்கும்போதே நகர்த்தணும்.

நஷ்டஈடு ரெண்டு ரகம். பயிருக்கும் மத்ததுக்கும் ஆன சேதம் ஒண்ணு. பட்டையில வர்ற நிலத்தோட சந்தை மதிப்புல 10 சதவீதம் ஒண்ணு. கம்பெனி சொல்ற தொகை பிடிக்கலைன்னா மாவட்ட நீதிபதிகிட்ட போகலாம். இங்கதான் மாப்ள நம்ம புத்திசாலித்தனம் நம்மளையே திருப்பிக் கடிக்கும். ஏக்கர் 10 லட்சத்துக்கு வாங்கின நிலத்தை, முத்திரைத்தாள் மிச்சம் பண்ண 4 லட்சம்னு பதிஞ்சுட்டு, சார்பதிவாளர் ஆபீஸு வாசல்ல ஜெயிச்ச சந்தோஷத்துல பரோட்டா சாப்பிட்டோமே? இப்போ அந்தப் பத்திரத்தையே ஆதாரமா எடுத்து நீட்டுவான். 30.6 சென்ட்டுக்கு 10 லட்சம் கணக்குல 30,600 ரூபா வரணும். 4 லட்சம் கணக்குல 12,240. மிச்சம் பரோட்டாவுக்குச் சரியாப் போச்சு.

குழாய் போட்டு மூடின பிறகும் அந்த வரைபடத்தைத் தூக்கிப் போடாத. உன் வயல்ல எங்க, எத்தனை ஆழத்துல கிடக்குன்னு வரைஞ்ச நகல் உன் பெட்டியில இருக்கணும். 2014 ஜூன்ல ஆந்திராவுல நகரம்ங்கிற ஊருல கேஸ் குழாய் வெடிச்சுப் பல பேரு செத்தாங்க. 2017 ஜூன் 30-ல கதிராமங்கலத்துல குழாய் கசிஞ்சு வயல்ல எண்ணெய் பரவுனதை நம்ம கண்ணாலயே பாத்தோம். குழாய் போனது உன் அப்பன் காலத்துல. மேல டிராக்டர் ஓட்டப் போறது உன் பிள்ளை.

சட்டத்துக்கும் எல்லை உண்டு

"அதான் வேளாண் மண்டலம்னு அறிவிச்சாச்சே மாமா"ன்னு சொல்லுவ. அறிவிச்சாங்க. 2020 பிப்ரவரியில சட்டசபையில நிறைவேத்தின சட்டம் அது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள்ல, கடலூர், புதுக்கோட்டையில சில ஒன்றியங்கள்ல புதுசா எண்ணெய், கேஸ் தேடவோ எடுக்கவோ கூடாது. நல்ல சட்டம். ஆனா நீ தலைப்பை மட்டும் படிச்சுட்டு விசில் அடிச்சிருக்க. ஏற்கெனவே நடந்துக்கிட்டு இருக்கிற வேலைக்கு அது பொருந்தாது. துறைமுகம், ரோடு, மின்சாரம், குடிநீர் மாதிரி கட்டமைப்பு வேலைங்களுக்கும் விலக்கு உண்டு. அந்தப் பட்டியல்ல குழாயும் இருக்கு. முன் வாசல்ல பூட்டு, கொல்லைப்புறம் குழாய்.

இந்தச் சட்டத்துக்கும் ஒரு மேப்பு வரைஞ்சு பாரு. காரைக்கால் நமக்குக் கூப்பிடு தூரம், ஆனா அது புதுச்சேரி. தமிழ்நாட்டுச் சட்டம் அந்த எல்லைக் கல்லோட நின்னுடும். உன் மாமனார் ஊரு ராமநாதபுரம். அது காவிரிப் படுகைப் பாறைக்குள்ள வரும், வேளாண் மண்டலப் பட்டியல்ல வராது. பாறைக்கு மாவட்ட எல்லை தெரியாது, சட்டத்துக்குப் பாறை தெரியாது. அதோட இன்னொண்ணு: 2020 ஜனவரியில மத்திய அரசு தேடுதல் கிணறுங்களைச் சுற்றுச்சூழல் அனுமதிப் பட்டியல்ல பி2ன்னு ஒரு வகைக்கு மாத்திடுச்சு. அதுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்ல. கலெக்டர் ஆபீஸுல பந்தல் போட்டு மைக் வெச்சுக் கூப்பிடுவாங்கன்னு உன் மாமனாரு காத்துக்கிட்டு இருந்தா, எந்திரம் வந்து இறங்குன சத்தம்தான் அவருக்கு அழைப்பிதழ். அனுமதி கேக்குற விண்ணப்பம், அறிக்கை, கிணத்து எண்ணு எல்லாம் பரிவேஷ்னு ஒரு அரசு இணையத்துல போடுவாங்க. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கிரிக்கெட்டு ஸ்கோரு பாக்குறியே, மாசம் ஒருதரம் அதையும் பாரு.

கடைசியா ஒரு ஆளை மறந்துடாத. எந்த மேப்புலயும், எந்தப் பதிவேட்டு முதல் காலத்துலயும் வராத ஆளு, உன் நிலத்தைக் குத்தகைக்கு உழுறவன். நீ பெங்களூருல ஏசியில இருக்க. பயிர் போனா முதல்ல வயித்துல அடிச்சுக்கப் போறது அவன்தான். நம்ம பக்கம் கோயில் நிலம், மடத்து நிலம்னு பாதி ஊரு குத்தகைதான். பயிர்ச் சேதப் பணம் பட்டாக்காரனுக்கா, பயிர் வெச்சவனுக்கான்னு ஒப்பந்தத்துல தெளிவா எழுத வை. அடங்கல்ல பயிரும் உழுறவன் பேரும் சரியா ஏறியிருக்கான்னு வி.ஏ.ஓ.கிட்ட கேளு. அளக்கும்போது அவனையும் கூட்டிக்க; வரப்பு எது, வடிகால் எதுன்னு உன்னைவிட அவனுக்குத்தான் நல்லாத் தெரியும்.

ஆக, மாப்ள, யாரு மேப்பைக் கொண்டு வந்து நீட்டுனாலும் சர்வே நம்பர் இருக்கா, அளவுத்திட்டம் இருக்கா, தேதி இருக்கா, பொறுப்பான அதிகாரி கையெழுத்து இருக்கான்னு பாரு. நாலுல ஒண்ணு குறைஞ்சாலும் நகலை வாங்கி வெச்சுக்கிட்டு, மோர் கொடுத்து அனுப்பிடு. தமிழ்ல எழுதிக் கேளு. பங்காளிங்களோட சேர்ந்து படி, சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். "இன்னைக்கே முடிச்சுடலாம் சார்"னு அவசரப்படுறவன் அவசரம் அவனோடது. கையெழுத்துப் போடுற வரைக்கும்தான் நீ நிலத்துக்காரன். போட்ட மறுநாள்லேருந்து நீ மனுதாரர்.